ஒரு சூத்திரமும் இரண்டு நத்தைகளும்

ஏறக்குறைய ஒன்றுபோல் தோன்றும் இரண்டு நத்தை ஓடுகளை உங்கள் முன் வைத்து, “இவை ஒரே இனமா, வெவ்வேறு இனங்களா?” என்று கேட்டால் எப்படி விடை காண்பீர்கள்? வழக்கத்தில் இரண்டு வழிகள் உண்டு. ஓட்டை அளந்து எண்களாக மாற்றி, எண்கள் ஒத்துவருகின்றனவா என்று பார்ப்பது ஒரு வழி. இதைக் கணித வழி எனலாம். கையேட்டைப் பிரித்து, அதில் சொல்லியிருக்கும் ஓர் அடையாளத்தை ஓட்டில் தேடுவது மற்றொரு வழி. இதை அடையாள வழி எனலாம்.

இரண்டு வழிகளுக்கும் நல்ல பெயர் உண்டு. அந்தப் பெயருக்கு அவை எவ்வளவு தகுதியானவை என்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். நான் கல்லூரியில் இயற்பியல் கற்பிப்பவன். விலங்கியல் அறிஞன் அல்லன். ஆனால் அளப்பதும், அளவில் உள்ள பிழையைக் கணிப்பதும், ஓர் அளவை நம்பி எவ்வளவு தூரம் முடிவு கட்டலாம் என்று யோசிப்பதும் எங்கள் துறையின் அன்றாட வேலை. அந்தக் கண்ணோடு நத்தை ஓட்டைப் பார்த்தால் சில செய்திகள் தெளிவாகின்றன.

கணிதம் கண்ட நத்தை

முதலில் கணித வழியை எடுத்துக்கொள்வோம். 1838-ஆம் ஆண்டிலேயே ஹென்றி மோஸ்லி என்ற ஆங்கிலக் கணித அறிஞர் சுருள் ஓடுகளின் வடிவியலைப் பற்றி ஓர் ஆய்வுரை வெளியிட்டார். அந்த எண்ணத்தை உலகறியச் செய்தவர் தார்சி தாம்சன். ஸ்காட்லாந்தில் டண்டீயிலும் பின்னர் செயின்ட் ஆண்ட்ரூசிலும் விலங்கியல் பேராசிரியராக இருந்தவர் இவர். ‘வளர்ச்சியும் உருவமும்’ என்று பொருள்படும் தலைப்பில் இவர் எழுதிய நூல் 1917-இல் வெளிவந்தது. முதல் பதிப்பு 793 பக்கங்கள். 1942-இல் வந்த திருத்திய பதிப்பு 1,116 பக்கங்கள். உயிரினங்களின் வடிவத்தை இயற்பியல், கணித விதிகளைக் கொண்டு விளக்க முயன்ற நூல்களில் இதற்கு இணையாகச் சொல்லத்தக்கவை சிலவே.

இந்நூல் நத்தையைப் பற்றி என்ன சொல்கிறது? நம் வீட்டுக் கொசுவர்த்திச் சுருளை எண்ணிப் பாருங்கள். அதன் ஒவ்வொரு சுற்றும் ஒரே அகலம். நடுவிலிருந்து வெளியே வரவர, சுற்றுகளுக்கிடையே உள்ள தூரம் மாறுவதில்லை. நத்தை ஓடு அப்படியன்று. ஒவ்வொரு சுற்றும் முந்தைய சுற்றைப் போல இத்தனை மடங்கு என்ற கணக்கில் பெரிதாகிறது. இத்தகைய சுருளின் மையத்திலிருந்து எந்தத் திசையில் நேர்கோடு வரைந்தாலும், அக்கோடு சுருளை ஒரே கோணத்தில் வெட்டும். ஆகவே இதற்குச் சமகோணச் சுருள் என்று பெயர்.

நத்தை ஏன் இந்தச் சுருளைக் கட்டுகிறது? ஓட்டின் பெரும்பகுதி கால்சியம் கார்பனேட். நத்தையின் உடலைப் போர்த்தியிருக்கும் சவ்வின் விளிம்பு, ஓட்டின் வாயோரத்தில் மட்டுமே புதிய பொருளைச் சேர்க்கிறது. ஒருமுறை கட்டிய சுவரை இடித்துப் பெரிதாக்க நத்தையால் இயலாது. பழைய பகுதி அப்படியே இருக்க, உடல் வளர வளர வாய் மட்டும் பெரிதாக வேண்டும். அதே சமயம் ஓட்டின் மொத்த வடிவமும் மாறக்கூடாது. இந்த நிபந்தனைகளுக்கு இயல்பான விடையாக அமைவது சமகோணச் சுருள். மூளையில் சூத்திரம் எதுவும் இல்லாமலே, வளரும் முறையினாலேயே நத்தை இந்தச் சுருளை வரைந்துவிடுகிறது.

டேவிட் ராப் என்ற அமெரிக்கத் தொல்லுயிரியலார் இதை இன்னும் ஒரு படி மேலே கொண்டுசென்றார். 1960-களில் அவர் எழுதிய கட்டுரைகளில் சுருள் ஓடுகளின் வடிவத்தை நான்கு செய்திகளில் அடக்கினார். ஒரு சுற்றுக்கு வாய் எத்தனை மடங்கு பெரிதாகிறது என்பது முதலாவது. சுருளின் அச்சிலிருந்து வாய் எவ்வளவு விலகி நிற்கிறது என்பது இரண்டாவது. அச்சின் வழியே எவ்வளவு வேகமாகக் கீழிறங்குகிறது என்பது மூன்றாவது. வாயின் வடிவம் வட்டமா, நீள்வட்டமா என்பது நான்காவது. இவற்றை மாற்றி மாற்றிக் கொடுத்தால் தட்டையான ஓடு, கோபுரம் போன்ற ஓடு, ஏன், சிப்பியின் வடிவம்கூடக் கிடைக்கிறது. 1965-இல் ராப்பும் மைக்கேல்சனும் ஓர் அனலாக் கணிப்பொறியைக் கொண்டு இத்தகைய கற்பனை ஓடுகளின் படங்களை வரைந்து காட்டினர்.

இயற்பியல் மாணவனுக்கு இதைவிட மகிழ்ச்சி தரும் செய்தி வேறென்ன வேண்டும்? நான்கு எண்களில் நத்தையுலகம் முழுவதும் அடங்கிவிட்டதே! அப்படியானால் ஒவ்வோர் இனத்துக்கும் நான்கு எண்களை அட்டவணையாகப் போட்டுவிட்டால் இனங்காணும் வேலை முடிந்தது என்று தோன்றும். இங்கேதான் நாம் நின்று நிதானிக்க வேண்டும்.

சூத்திரம் எங்கே கைவிடுகிறது?

முதல் தடை அளவிலேயே இருக்கிறது. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். அரை மில்லிமீட்டர் வாயோடு தொடங்கும் ஓர் ஓடு, சுற்றுக்கு 2 மடங்கு பெரிதாகிறது என்று வைத்துக்கொள்வோம். 5 சுற்றுகளில் வாய் 32 மடங்காகி, 16 மி.மீ. ஆகும். மற்றோர் ஓடு சுற்றுக்கு 1.8 மடங்கு பெரிதாகிறது எனில், 5 சுற்றுகளில் ஏறத்தாழ 19 மடங்கே ஆகி, 9.4 மி.மீ. அளவில் நிற்கும். பெருக்கு எண்ணில் பத்தில் ஒரு பங்கு வேறுபாடு, முடிவில் கிட்டத்தட்டப் பாதியளவு வேறுபாடாகிவிடுகிறது. இதையே திருப்பிப் பாருங்கள்: அளவில் பெரிதும் வேறுபட்ட இரண்டு ஓடுகள், வளர்ச்சி எண்ணில் மிக நெருங்கியிருக்கலாம். தீனியும் ஈரமும் மண்ணில் சுண்ணாம்பும் குறைந்த இடத்தில் வளர்ந்த நத்தை, தன் இனத்தின் மற்ற நத்தைகளைவிடச் சிறியதாகவே நின்றுவிடக்கூடும். ஆகவே உருவ அளவு மட்டும் இனத்தைச் சொல்லாது.

இரண்டாவது தடை இன்னும் ஆழமானது. நில நத்தைகள் பலவற்றில் வளர்ச்சி முடியும் தறுவாயில் ஒரு மாறுதல் நிகழ்கிறது. கடைசிச் சுற்று சற்றே கீழ்நோக்கி வளைகிறது. வாயின் விளிம்பு தடித்து வெளிப்புறம் மடிந்து ‘உதடு’ ஆகிறது. சிலவற்றில் வாய்க்குள் பல் போன்ற மேடுகள் தோன்றுகின்றன. அடியில் அச்சையொட்டி உள்ள தொப்புள் குழி சிலவற்றில் மூடிக்கொள்கிறது. இவையெல்லாம் சமகோணச் சுருளிலிருந்து விலகும் இடங்கள். சூத்திரத்தின் நோக்கில் இவை விதிவிலக்குகள். இனங்காண விரும்புவோருக்கோ இவைதாம் முதன்மையான சான்றுகள்!

ஆகவே கணித வழியைப் பற்றி என் மதிப்பீடு இதுதான். நத்தை ஓடுகள் எல்லாம் ஏன் ஒன்றுபோல் இருக்கின்றன என்ற கேள்விக்கு அது சிறந்த விடை தருகிறது. இந்த இரண்டு ஓடுகள் எந்த வகையில் வேறுபடுகின்றன என்ற கேள்வி அதனுடையது அன்று. ஒற்றுமையை விளக்கப் பிறந்த கருவியை வேற்றுமையைத் தீர்ப்பளிக்கப் பயன்படுத்துவது, தராசைக் கொண்டு வெப்பநிலையை அளக்க முயல்வது போலாகும். குற்றம் தாம்சனுடையதும் அன்று, ராப்புடையதும் அன்று. இனங்காணும் கையேடு எழுதுவதாக அவர்கள் சொல்லவில்லை. அவர்களுடைய சூத்திரத்தை எல்லாவற்றுக்கும் சாவி என்று நினைக்கும் நம் ஆசைதான் குற்றம்.

உதட்டின் நிறம்

இனி அடையாள வழியைப் பார்ப்போம். இதற்கு ஐரோப்பாவின் இரண்டு நத்தைகளைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது. ஒன்று செப்பேயா நெமொராலிஸ். 1758-இல் லின்னேயஸ் பெயரிட்டது. மற்றொன்று செப்பேயா ஹார்டென்சிஸ். 1774-இல் ஓட்டோ மியூல்லர் பெயரிட்டது. லத்தீனில் முதற்பெயர் தோப்பையும், இரண்டாவது பெயர் தோட்டத்தையும் குறிக்கும். எனவே இங்கே அவற்றைத் தோப்பு நத்தை, தோட்ட நத்தை என்றே அழைப்போம்.

இரண்டும் உருண்டையான, பளபளப்பான ஓடுடையவை. இரண்டிலும் மஞ்சள், இளஞ்சிவப்பு, பழுப்பு நிற ஓடுகள் உண்டு. இரண்டிலும் ஓட்டைச் சுற்றி ஐந்து வரை கரும்பட்டைகள் ஓடும். பட்டைகளைக் குறிக்க ஆய்வாளர்கள் எளிய முறை ஒன்றை வைத்திருக்கிறார்கள். ஐந்தும் இருந்தால் 12345. நடுப்பட்டை மட்டும் இருந்தால் 00300. எதுவுமே இல்லையெனில் 00000. இந்த வேறுபாடுகள் எல்லாம் ஓர் இனத்துக்குள்ளேயே பரம்பரையாக வருபவை. ஆகையால் நிறத்தையும் பட்டையையும் கொண்டு இந்த இரண்டு இனங்களைப் பிரிக்கவே முடியாது. புதிதாகப் பார்ப்பவர், ஒரே இனத்தின் மஞ்சள் ஓட்டையும் பழுப்பு ஓட்டையும் இரண்டு இனங்கள் என்பார். இரண்டு இனங்களின் மஞ்சள் ஓடுகளை ஒரே இனம் என்பார்.

அப்படியானால் எதைக் கொண்டு பிரிப்பது? கையேடுகள் தரும் விடை: உதட்டைப் பாருங்கள். தோப்பு நத்தையின் உதடு கரும்பழுப்பு. தோட்ட நத்தையின் உதடு வெள்ளை. ஆங்கிலத்தில் இவற்றுக்கு வழங்கும் பெயர்களே பழுப்பு உதட்டு நத்தை, வெள்ளை உதட்டு நத்தை என்பனவாகும். அளவிலும் வேறுபாடு உண்டு. தோப்பு நத்தையின் அகலம் பெரும்பாலும் 18 முதல் 25 மி.மீ.; தோட்ட நத்தையினுடையது 14 முதல் 20 மி.மீ. வரை.

இந்த விதி பயனுள்ளதுதான். பெரும்பாலான இடங்களில் பெரும்பாலான ஓடுகளுக்கு இது சரியான விடையையே தரும். ஆனால் இதில் மூன்று ஓட்டைகள் இருக்கின்றன.

ஒன்று, வளர்ந்த நத்தைக்குத்தான் உதடு உண்டு. இளம் நத்தையின் வாயோரம் மெல்லியதாக, நிறமின்றி இருக்கும். அதை வெள்ளை உதடு என்று எழுதிவிட்டால் தோப்பு நத்தையின் குஞ்சுகளெல்லாம் தோட்ட நத்தைகளாகிவிடும். இரண்டு, வெள்ளை உதடுடைய தோப்பு நத்தைகள் உண்டு. அயர்லாந்திலும் பிரிட்டனின் மேற்குப் பகுதிகளிலும் அவை காணப்படுகின்றன. அரிதாகக் கருநிற உதடுடைய தோட்ட நத்தைகளும் உண்டு. மூன்று, அளவுகள் ஒன்றன்மேல் ஒன்று படிகின்றன. 19 மி.மீ. அகலமுள்ள ஓடு இரண்டு இனத்திலும் இருக்கலாம். இதில் நம் அளவீட்டுப் பிழையும் சேரும். மடிந்த உதட்டைச் சேர்த்து அளப்பவருக்கும் விட்டு அளப்பவருக்கும் ஒரே ஓட்டில் வேறுவேறு எண் கிடைக்கும். வெர்னியர் அளவுகோல் பத்தில் ஒரு மில்லிமீட்டர் வரை காட்டுகிறது என்பதால் விடையும் அவ்வளவு துல்லியம் என்று கருதக்கூடாது.

ஒரே அடையாளம், இரண்டு மதிப்பு

அடையாள வழியின் பெரிய குறையைக் காட்ட, கற்பனை எண்களைக் கொண்டு ஒரு கணக்குப் போடுவோம். இவை விளக்கத்துக்காக நான் எடுத்துக்கொண்ட எண்கள். யாரும் எண்ணிப் பெற்றவை அல்ல.

முதல் ஊரில் 100 தோப்பு நத்தைகளும் 100 தோட்ட நத்தைகளும் இருக்கின்றன. தோட்ட நத்தைகள் எல்லாவற்றுக்கும் வெள்ளை உதடு. தோப்பு நத்தைகளில் இரண்டுக்கு மட்டும் வெள்ளை உதடு. அங்கே வெள்ளை உதடு உடையவை மொத்தம் 102. அவற்றில் 100 தோட்ட நத்தைகள். ஆகவே வெள்ளை உதட்டைக் கண்டதும் “தோட்ட நத்தை” என்று சொன்னால், நூற்றுக்கு 98 முறை சரியாக இருக்கும்.

இரண்டாவது ஊரில் 1,000 நத்தைகள். அவற்றில் 950 தோப்பு நத்தைகள். 50 மட்டுமே தோட்ட நத்தைகள். இங்குள்ள தோப்பு நத்தைகளில் பத்தில் ஒன்றுக்கு, அதாவது 95-க்கு, வெள்ளை உதடு. வெள்ளை உதடு உடையவை மொத்தம் 145. அவற்றில் தோட்ட நத்தைகள் 50 மட்டுமே. அதே விதியை இங்கே கையாண்டால், நூற்றுக்கு 34 முறைதான் சரியாக இருக்கும். நாணயத்தைச் சுண்டிப் போட்டு முடிவு செய்திருந்தால்கூட இதைவிடத் தேவலை!

கவனியுங்கள்: ஓடு மாறவில்லை, உதடு மாறவில்லை, கையேட்டின் வரியும் மாறவில்லை. இடம் மட்டுமே மாறியது. ஓர் அடையாளத்தின் மதிப்பு அந்த அடையாளத்துக்குள் மட்டும் இல்லை. அந்த இடத்தில் எந்த இனம் எவ்வளவு இருக்கிறது, விதிவிலக்கு எவ்வளவு அடிக்கடி வருகிறது என்ற இரண்டு செய்திகளும் அதற்குத் துணையாக வேண்டும். கையேடுகள் பல, ‘உதடு பழுப்பா? ஆம் எனில் இது. இல்லை எனில் அது’ என்று இருகிளைப் பாதையில் வாசகரை அழைத்துச் செல்கின்றன. அந்தப் பாதையில் ‘பெரும்பாலும்’ என்ற சொல்லுக்கு இடமில்லை. ஒரு கிளையில் தவறாகத் திரும்பியவர் மீண்டு வர வழியுமில்லை. இதுவே அந்த முறையின்மேல் நான் வைக்கும் முதன்மையான குற்றச்சாட்டு.

இதனால் யாருக்கு என்ன நட்டம் என்று சிலர் கேட்கலாம். 1950-லும் 1954-லும் ஆர்தர் கெயின், பிலிப் ஷெப்பர்ட் என்ற ஆய்வாளர்கள் ஆக்ஸ்போர்டு சுற்றுப்புறத்துத் தோப்பு நத்தைகளைப் பற்றிப் புகழ்பெற்ற ஆய்வுகளை வெளியிட்டனர். காட்டின் சருகுத் தரையில் பட்டையில்லாத பழுப்பு, இளஞ்சிவப்பு ஓடுகள் மிகுதி. புல்வெளியிலும் வேலியோரத்திலும் பட்டையுள்ள மஞ்சள் ஓடுகள் மிகுதி. பாட்டுத் திரஷ் என்னும் பறவை நத்தையைக் கல்லில் மோதி உடைத்துத் தின்னும். பின்னணியோடு ஒத்துப்போகாத ஓடு அதன் கண்ணில் எளிதில் படுகிறது. இயற்கைத் தேர்வுக்குப் பாடநூல்கள் காட்டும் சான்றுகளில் இது ஒன்று. இங்கே சான்று என்பது ஓடுகளின் எண்ணிக்கையே. எண்ணியவற்றில் மற்றோர் இனம் கலந்திருந்தால் விகிதங்கள் மாறும். விகிதம் மாறினால் முடிவும் ஆட்டம் காணும். 2009-இல் டார்வினின் இருநூறாம் பிறந்த ஆண்டையொட்டி ஐரோப்பா எங்கும் பொதுமக்களைக் கொண்டு இந்த நத்தைகளைக் கணக்கெடுக்கும் திட்டம் ஒன்று நடந்தபோது, பதிவு செய்வோரின் இனங்காணும் திறனைச் சோதிக்க வினாவிடைத் தேர்வும் வைத்தார்கள். பிழை எங்கிருந்து புகும் என்பதை அவர்கள் உணர்ந்திருந்தார்கள் என்பதற்கு இது சான்று.

உள்ளே பார்த்தால்?

ஓடு ஐயத்தைத் தீர்க்காதபோது உடலைப் பார்க்கலாம். இந்த நத்தைகளின் உடலில் சுண்ணாம்பாலான ஒரு சிறு ஈட்டி இருக்கிறது. இணைசேரும் முன் ஒன்றையொன்று இதனால் குத்தும். ஈட்டியைக் குறுக்கே வெட்டி உருப்பெருக்கியில் பார்த்தால் நான்கு அலகுகள் தெரியும். தோப்பு நத்தையில் அவை பிளவின்றி இருக்கும். தோட்ட நத்தையில் ஒவ்வோர் அலகும் நுனியில் இரண்டாகப் பிளந்திருக்கும். உதட்டின் நிறத்தைவிட இது உறுதியான சான்று.

இந்தியாவின் நத்தைகளைப் பொறுத்தும் இதே வழக்கு நெடுநாள் நடந்திருக்கிறது. ‘பிரிட்டிஷ் இந்தியாவின் விலங்கினங்கள்’ என்ற வரிசையில் இலங்கையையும் பர்மாவையும் சேர்த்து, நில நத்தைகளைப் பற்றி 1908, 1914, 1921 ஆகிய ஆண்டுகளில் மூன்று தொகுதிகள் வெளிவந்தன. முதல் தொகுதியை பிளான்ஃபோர்டு தொடங்க, அவர் மறைந்தபின் காட்வின்-ஆஸ்டின் முடித்தார். மற்ற இரண்டும் கியூடு எழுதியவை. இன்றும் நம் நாட்டு நத்தைகளை ஆராய்வோர் இவற்றைப் புரட்டாமல் இருக்க முடியாது. ஆனால் இவற்றில் உள்ள வருணனைகளில் பெரும்பகுதி ஓட்டைப் பற்றியதே. அந்தக் காலத்தில் சேகரிப்பாளர்கள் அனுப்பியவை பெரும்பாலும் வெற்று ஓடுகள். ஆகவே இதைப் பெரிய குற்றமாகச் சொல்ல முடியாது. ஓட்டை மட்டும் நம்பினால் உறவில்லாதவற்றை ஒன்றாகச் சேர்த்துவிடுவோம் என்று உணர்ந்து, நத்தைகளின் உடலை அறுத்துப் படம் வரைந்து வெளியிட்டவர் அதே காட்வின்-ஆஸ்டின். இமயமலைப் பகுதியை அளந்த நில அளவையாளர் அவர். உலகின் இரண்டாவது உயரமான சிகரத்துக்கு ஒரு காலத்தில் அவர் பெயரும் வழங்கியது. மலையை அளந்த கை நத்தையின் உறுப்புகளையும் வரைந்தது என்பது எண்ணி மகிழத்தக்கது.

இக்காலத்தில் மரபணு ஆய்வு வந்துவிட்டதே, அது எல்லாவற்றையும் தீர்த்துவிடாதா என்று கேட்கலாம். அது பெரும் உதவி செய்கிறது. 2015-இல் வெளியான ஓர் ஆய்வு, ஓட்டின் தோற்றத்தால் செப்பேயா என்ற ஒரே பேரினத்தில் வைக்கப்பட்டிருந்த நான்கு இனங்களில் இரண்டு உண்மையில் வேறு கிளைகளைச் சேர்ந்தவை என்று காட்டியது. ஆனால் மரபணுவையும் ஒற்றை அடையாளமாக எடுத்துக்கொண்டால் சிக்கல்தான். தோப்பு நத்தை போன்ற நில நத்தைகளில், ஓர் இனத்துக்குள்ளேயே மைட்டோகாண்டிரிய மரபணுவில் வியக்கத்தக்க வேறுபாடு இருப்பதை 1996-இல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியிருக்கிறது. ‘இவ்வளவு வேறுபட்டால் வேறு இனம்’ என்று ஒரு கோடு கிழித்துவிட்டால், அந்தக் கோடு ஓர் இனத்தையே துண்டாடிவிடும். உதட்டின் நிறத்தை நம்பியவர் செய்த பிழையை விலையுயர்ந்த கருவியைக் கொண்டும் செய்யலாம்.

வலமும் இடமும்

சூத்திரத்தைப் பற்றி இன்னொரு செய்தியும் சொல்ல வேண்டும். சமகோணச் சுருளைக் கண்ணாடியில் பார்த்தால் மடங்கு எண் மாறாது. விலகல் எண்ணும் மாறாது. ஆனால் வலச்சுருள் இடச்சுருள் ஆகிவிடும். அந்த நான்கு செய்திகளில் இதைத் தனியாகக் குறிக்க வேண்டியிருக்கிறது. விலங்கியலார் ஓட்டின் உச்சி மேலே இருக்க, வாய் தம்மை நோக்கியிருக்கப் பிடிக்கிறார்கள். வாய் வலப்பக்கம் இருந்தால் வலச்சுருள் என்கிறார்கள். நாம் வலம்புரி என்று போற்றும் சங்கு இந்த முறைப்படி இடச்சுருள் ஆகும்! அதே சங்கைத் தலைகீழாகப் பிடித்தால் வாய் வலப்பக்கம் வந்துவிடும். சுருளின் திசை மாறுவதில்லை. பெயரிடும் மரபுதான் வேறு. அளப்பவர் எப்படிப் பிடித்து அளந்தார் என்று எழுதாவிட்டால் அளவுக்குப் பொருளில்லை என்பதற்கு இதைவிட நல்ல பாடம் உண்டா?

சுருளின் திசையாவது இனத்தை உறுதியாகச் சொல்லுமா? எப்போதும் சொல்லாது. பசிபிக் கடலில் மூரியா என்ற தீவில் வாழ்ந்த பார்ட்டுலா சுட்டுராலிஸ் என்ற ஒரே இனத்தில் வலச்சுருளும் உண்டு, இடச்சுருளும் உண்டு.

ஓடு மட்டுமே எஞ்சினால்

மூரியாவின் பெயர் வந்ததால், இந்தக் கேள்வி எவ்வளவு கடுமையானது என்பதையும் சொல்லிவிடலாம். நம் தோட்டங்களில் மழைக்காலத்தில் கூட்டமாக வந்து பயிரைத் தின்னும் ஆப்பிரிக்கப் பெருநத்தையைப் பலரும் பார்த்திருப்பீர்கள். லிசாகாட்டினா ஃபுலிகா என்பது அதன் பெயர். 1847-இல் பென்சன் என்பவர் மொரீஷியஸிலிருந்து கல்கத்தாவுக்குக் கொண்டுவந்த நத்தைகளிலிருந்து அது இந்தியாவில் பரவியது. 1900 வாக்கில் இலங்கையை எட்டியது. பின்னர் பசிபிக் தீவுகளுக்கும் சென்றது. அதை ஒழிக்க, நத்தையைத் தின்னும் மற்றொரு நத்தையான யூக்ளாண்டினாவை 1974-இல் தாகித்தியிலும் 1977-இல் மூரியாவிலும் விட்டார்கள். அது பெருநத்தையை விட்டுவிட்டு, தீவுக்கே உரிய சிறிய பார்ட்டுலா நத்தைகளை வேட்டையாடியது. ஏறத்தாழப் பத்தாண்டுகளில் மூரியாவின் பார்ட்டுலா இனங்கள் இயற்கைச் சூழலிலிருந்து அனேகமாக மறைந்துவிட்டன. சில இனங்களை உயிர்க்காட்சிச் சாலைகளில் காப்பாற்றி, 2015 முதல் தீவுகளில் மீண்டும் விட்டு வருகிறார்கள். மற்றவை போனவை போனவைதாம்.

ஹென்றி கிராம்ப்டன் என்ற அமெரிக்க ஆய்வாளர் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பசிபிக் தீவுகளின் பார்ட்டுலா ஓடுகளைப் பல்லாயிரக்கணக்கில் சேகரித்து அளந்து, 1916, 1925, 1932 ஆகிய ஆண்டுகளில் மூன்று பெரு நூல்களாக வெளியிட்டார். எந்தப் பள்ளத்தாக்கில் எத்தனை ஓடு, எந்த அளவு, எந்த நிறம், எந்தச் சுருள் என்று பதிந்து வைத்தார். இன்று அந்த நத்தைகளில் பலவற்றை உயிரோடு பார்க்க முடியாது. உயிருள்ள உடலை ஆராய்ந்து ஐயம் தீர்க்கும் வாய்ப்பு போய்விட்டது. எஞ்சியிருப்பவை ஓடுகளும் அவற்றோடு எழுதிவைத்த குறிப்புகளுமே. அக்குறிப்புகள் வெறும் பெயரோடு நின்றிருந்தால், பெயர் பிழை என்று தெரியும்போது எல்லாமே வீணாகியிருக்கும். இடமும் அளவும் எழுதப்பட்டிருப்பதால், பெயர் மாறினாலும் சான்று நிலைக்கிறது.

மாணவர்களுக்கு

நல்ல இனங்காண் கையேடு எப்படி இருக்க வேண்டும் என்பதை இப்போது தொகுத்துச் சொல்லலாம். வளர்ந்த ஓடா, இளம் ஓடா என்பதை முதல் கேள்வியாக அது கேட்க வேண்டும். ஒரே அடையாளத்தில் முடிவு கட்டாமல், ஒன்றையொன்று சாராத மூன்று நான்கு அடையாளங்களைச் சேர்த்துப் பார்க்கச் சொல்ல வேண்டும். விதிவிலக்கு எந்தப் பகுதியில் மிகுதி என்று சொல்ல வேண்டும். அளவைத் தரும்போது எங்கிருந்து எங்கே அளப்பது என்று படம் போட்டுக் காட்ட வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, ‘இந்த ஓட்டைக் கொண்டு தீர்மானிக்க முடியாது’ என்ற விடைக்கும் ஓர் இடம் ஒதுக்க வேண்டும். ஆய்வுக்கூடத்தில் பிழை எல்லையோடு விடை எழுதும் மாணவனைப் பாராட்டுகிறோம். நத்தைக்குப் பெயர் எழுதும்போது மட்டும் ஏன் அதை மறக்க வேண்டும்?

இதை நீங்களே செய்து பார்க்கலாம். மழைக்காலம் முடிந்ததும் வேலியோரத்திலும் பழைய சுவரடியிலும் வெற்று ஓடுகள் கிடக்கும். உயிருள்ள நத்தையைத் தொந்தரவு செய்ய வேண்டா. குறிப்பாக ஆப்பிரிக்கப் பெருநத்தையை வெறுங்கையால் தொடக்கூடாது. மூளையுறையைத் தாக்கும் எலி நுரையீரல் புழுவை அது சுமந்திருக்கக்கூடும். வெற்று ஓடுகளையும் சோப்பு நீரில் நன்றாகக் கழுவி உலர்த்துங்கள், கையையும் கழுவுங்கள். பிறகு ஒவ்வோர் ஓட்டுக்கும் உயரம், அகலம், சுற்றுகளின் எண்ணிக்கை, சுருளின் திசை, உதடு இருக்கிறதா, தொப்புள் குழி திறந்ததா மூடியதா என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். பெருநத்தையின் குடும்பத்தில், ஓட்டின் நடுத்தூண் அடியில் சட்டென்று வெட்டியதுபோல் முடியும். இளம் ஓட்டிலும் இதைத் தேடிப் பாருங்கள். எடுத்த இடத்தையும் தேதியையும் கட்டாயம் எழுதுங்கள். பெயரை மட்டும் கடைசியில், பென்சிலால் எழுதுங்கள்.

ஐம்பது ஓடுகள் சேர்ந்ததும் உயரத்துக்கும் அகலத்துக்கும் வரைபடம் போடுங்கள். புள்ளிகள் இரண்டு கூட்டமாகப் பிரிந்தால், ‘இரண்டு இனங்களோ, அல்லது இளையதும் முதியதுமோ?’ என்று கேளுங்கள். ஒரே கூட்டமாக நின்றால், ‘ஒரே இனமோ, அல்லது அளவு பிரித்துக் காட்டாத இரண்டு இனங்களோ?’ என்று கேளுங்கள். அந்தக் கேள்விகளோடு உங்கள் கல்லூரி விலங்கியல் ஆசிரியரை அணுகுங்கள். இடமும் தேதியும் எழுதிய ஓடுகளை அவர் மகிழ்ச்சியோடு வாங்கிப் பார்ப்பார்.